கரண்டு வண்டிக்கு ஐம்பது ரூபாய் பெட்ரோல்

உட்காருங்கள் அம்மா. இந்த நாற்காலியில் உட்காருங்கள், அது கொஞ்சம் ஆடும். மோர் கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், களக்காட்டிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நான் செய்த பாவத்துக்கு ஒரு தம்ளர் மோராவது கொடுக்க வேண்டாமா?

வண்டி அந்தா நிற்கிறது, நீங்கள் பார்த்த வண்டிதான். ஆனால் அதை விற்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது தெரியுமா? போனில் விளம்பரம் போட்டது என் மகன். எடுத்துவிட்டேன் என்றுதான் சொன்னான். எடுத்த பிறகும் அது எங்கோ நின்றுகொண்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு முன்னால் ஒருவர் வந்தார். அவருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. ஆம்பிளையாளிடம் என்னவென்று சொல்வது? நீங்கள் வந்ததும் வராததுமாகப் பின் டயரைத் தடவிப் பார்த்து, "ரப்பர் முடிகூட இன்னும் உதிரலையே, புது டயர் போட்டுட்டு யாராச்சும் விப்பாங்களா" என்று கேட்டுவிட்டீர்கள். திருட்டு வண்டியாக இருக்குமோ, ஆளை மோதின வண்டியாக இருக்குமோ என்று உங்கள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. அதை வைத்துக்கொண்டு உங்களை அனுப்ப என்னால் முடியாது. கேட்டுவிட்டுப் போங்கள்.

என் பெயர் எப்சிபா. எங்கள் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர் கர்த்தருக்குள் போய் ஏழு வருஷம் ஆகிறது. மகன் ஜெபசிங், மகள் பெனிட்டா, இரண்டு பேரும் சென்னையில். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, நல்ல வேலை. நல்ல பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. ஈஸ்டருக்கு வருவதாக இருந்தது, லீவு கிடைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்பிட்டீங்களாம்மா?" "சாப்பிட்டேன்." "ஏதாச்சும் வேணுமா?" "ஒண்ணும் வேண்டாம்ப்பா." வைத்துவிடுவோம். எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வண்டி ஜெபா வாங்கிக் கொடுத்தது. கோயிலுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் நடந்து நடந்து உங்க முட்டி தேயுது என்றான். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சத்தம் கிடையாது. செல்போன் மாதிரி சார்ஜ் போட்டால் போதும் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சார்ஜ் போட்டால் போதும், அதற்குள்ளேயே எல்லாம் ஏறிவிடும் என்று. எட்டாம் வகுப்புப் படித்தவள் வேறு எப்படி நினைப்பேன்?

"மாசம் ஒரு தடவ டயர்ல காத்து பாத்துக்கிடணும்மா" என்று அவன் சொன்னது உண்மை. நானும் சரி என்றேன். முதலில் தெருமுனைப் பஞ்சர் கடைக்குத்தான் கொண்டுபோனேன். காற்று அடித்தார். பத்து ரூபாயை நீட்டினேன். "காத்துக்கு என்னத்த வாங்க, போங்கம்மா" என்றார். அடுத்த மாதமும் போனேன், அடுத்த மாதமும் வாங்கவில்லை. அதோடு போவதை விட்டுவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு விளங்காது அம்மா. நீங்கள் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் இருபது வருஷம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கால் கிலோ பருப்பு வாங்கிவிட்டு ஒரு கொத்து கருவேப்பிலை சும்மா கேட்பார்கள். ஒன்றுமே வாங்காமல், ரெண்டு பச்ச மிளகா குடுங்க என்று வருகிறவர்களும் உண்டு. சிரித்த முகமாகக் கொடுப்போம். அவர்கள் படி இறங்கினதும் நாங்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே! நானே பேசியிருக்கிறேன். "வந்துட்டா பாரு, ஓசிக்குன்னே பெறந்தவ" என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன். அதனால் யார் கடையிலும் சும்மா ஒன்றைக் கேட்டு நிற்க எனக்கு வராது. படி இறங்கினதும் என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

அப்புறம் காற்று அடிக்க வேறு எங்கே போவது? நாகர்கோவில் ரோட்டில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. மற்ற வண்டிக்காரர்கள் பெட்ரோல் போடப் போவார்கள், போன கையோடு காற்றும் அடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பிரச்சனை இல்லை. எனக்குப் பெட்ரோல் வேண்டாமே! பங்க்குக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு சொட்டுகூட வாங்காமல், காற்று மட்டும் அடியுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள், 'காற்று இலவசம்' என்று, கொட்டை எழுத்தில். அந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் காது சுடும்.

பங்க்கில் பேச்சி என்று ஒருத்தி. காக்கிக் கோட்டு போட்டுக்கொண்டு பைப்பு பிடிப்பாள், நாற்பது வயது இருக்கும். தங்கமான மனுஷி, ஆனால் தொண்டை! நான் கோயிலுக்குப் போகும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "யக்கா! பின் டயரு சப்பிக் கெடக்கு! வாங்க, காத்து அடிச்சிட்டுப் போங்க!" என்று கூப்பிடுவாள். எனக்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் சபை ஆட்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தாலாவது சத்தத்தில் கேட்கவில்லை என்று போகலாம். இது மூச்சு விடாத வண்டி. அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்று ரோட்டில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

இப்படியே மாதங்கள் போயின. வண்டி மெதுவாயிற்று. சார்ஜ் சீக்கிரம் இறங்கியது. திருப்பத்தில் பின்பக்கம் அலைந்தது. டயரின் பக்கவாட்டில் என் குதிகால் மாதிரியே வெடிப்பு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அந்த மாதம் நான்தான் செய்தி கொடுத்தேன், கிருபையைப் பற்றி. விலை கேட்காமல், தகுதி பார்க்காமல் கொடுக்கப்படுவதுதான் கிருபை, கையை நீட்டினால் போதும் என்று பேசினேன். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பேசிவிட்டுத் திரும்புகிற வழியில்தான் பங்க் எதிரே வண்டி ஒரு பக்கமாக இழுத்து, மணலில் சரிந்து, விழப் பார்த்தேன். பேச்சி கையைத் தட்டிக் கூப்பிட்டாள். நேரே பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து முழங்கால் போட்டு, ஆண்டவரே இதற்கு ஒரு வழி காட்டும் என்று கேட்டேன். வழி காட்டினார் என்றுதான் அப்போது நினைத்தேன். காரியம் லேசு அம்மா. பங்க்கில் விற்கிற பொருள் பெட்ரோல். ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் வாங்கினால் நானும் ஒரு வாடிக்கைக்காரி. வாடிக்கைக்காரி காற்று கேட்கலாம். வாங்குகிற பெட்ரோலை அடுத்த வீட்டுத் தேவசகாயம் தம்பியின் வண்டிக்குக் கொடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெள்ளைச் சேலை. ஜெபத்தில் அழுது கண் சிவந்திருக்கும், தலையும் கலைந்திருக்கும். முடிந்ததும் நேராகப் பங்க்குக்குப் போனேன். கூடையிலிருந்து காலி சர்பத் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"ஒரு அம்பது ரூவாய்க்குப் பெட்ரோல் குடு பேச்சி."

"பாட்டில்ல குடுக்கக் கூடாதுக்கா, ஆர்டர்."

"கொஞ்சம் போதும்மா."

"வண்டிக்கா?"

"ஆமா" என்று வாயில் வந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லை பாருங்கள், சரியாக வராது.

அவள் வண்டியைப் பார்த்தாள். "இது கரண்டு வண்டில்லா? இதுக்கு எதுக்குப் பெட்ரோல்?"

என் சேலையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "இப்ப எங்கக்கா போறிய?"

"தாலுகா ஆபீஸ் வழியா, வீட்டுக்கு."

அது உண்மை. எங்கள் வீட்டுக்குத் தாலுகா ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை, மனு கொடுக்கிற நாள். மனு கொடுத்து மனு கொடுத்துக் காரியம் நடக்காதவர்கள் தீக்குளிக்க ஆபீஸ் வாசலில் பாட்டிலோடு வந்து நிற்பதைத்தான் டிவியில் காட்டுகிறார்களே! எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றிவிட்டது.

பாட்டிலைப் பிடுங்கித் தூர வீசினாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "யக்கா, உங்களுக்குப் பிள்ளைய இருக்குல்லா? என்னக்கா கஷ்டம் உங்களுக்கு? எங்கிட்டச் சொல்லுங்க. என்ன கஷ்டம்?"

அவள் அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது அம்மா. ஏன் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து சாப்பிடாதது, வெயில் வேறு. கொஞ்சமாகவும் இல்லை, குலுங்கிக் குலுங்கி அழுதேன். நிறுத்த முடியவில்லை. அதோடு முடிந்தது. அழுகிறவள் பேச்சை யார் கேட்பார்கள்?

கூட்டம் கூடிவிட்டது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "பட்டாவ மாத்திட்டானுவளோ?" என்றார் ஒருவர். "இல்ல, மருமவ கொடுமையா இருக்கும். மொகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா" என்றார் இன்னொருவர். என் மருமகள் சொக்கத் தங்கம் அம்மா, அவளை நான் பார்த்தே ஒன்றரை வருஷம் ஆகிறது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். யாரோ போதகரய்யாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் ஓடி வந்தார். வந்தவர் என்ன ஏது என்று கேட்டாரா? என் தலையில் கையை வைத்து, சாவுக்கு இழுக்கிற ஆவியே, இந்த மகளை விட்டுப் போ என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். பைப்பைப் பிடித்தபடி பேச்சிகூடக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எங்கள் சபைகூட இல்லை. ஜெபம் முடிந்ததும் நான் ஆமென் சொல்லிவிட்டேன். ஜெபம் பண்ணி முடித்தால் ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா? அது பழக்கம். ஆனால் சுற்றி நின்றவர்களுக்கு நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

மோர் குடியுங்கள். உப்பு போதுமா?

படம் சபை வாட்ஸ்அப்பில் ஏறி, அன்றைக்கு மத்தியானமே சென்னைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். பெனி தலைகூடச் சீவவில்லை. ஜெபா வந்ததும் வராததுமாக அடுப்படிக்குப் போய் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று தேடினான். தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுப்புப் பற்றவைக்க அவனைத்தான் கூப்பிட வேண்டும். குளிக்கப் போனால், "தாழ்ப்பாள் போடாதீய, சும்மா சாத்திக்கிடுங்க" என்று கதவுக்கு வெளியே பெனி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா கொற வச்சோம் ஒங்களுக்கு?" என்று ஜெபா கேட்டான். அவன் அப்பா செத்தபோதுகூட அவன் குரல் அப்படி உடையவில்லை.

"ஒண்ணும் இல்லப்பா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இதத்தானம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்றீய" என்றாள் பெனி.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காற்றுக்குத்தான் பிள்ளைகளே போனேன் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இரண்டு பேரும் இருநூறு காரியத்தை விட்டுவிட்டு, பதறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். காற்றுக்கா என்று கேட்டால் என்ன செய்வது? மத்தியானம் பாய் விரித்துச் சாய்ந்தேன். பெனி வந்து பக்கத்தில் படுத்தாள். சின்ன வயதில் செய்வது மாதிரி என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், அப்படியே அவள் அப்பா. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ஜெபா மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதற்கு மறுநாள் உளுந்தங்களி கிண்டினேன். இரண்டு பேரும் சட்டியைச் சுரண்டச் சண்டை போட்டார்கள், பல்லாங்குழி ஆடிய காலத்து மாதிரி. அன்றைக்கும் சொல்லவில்லை.

அதுதான் அம்மா எனக்கு வெட்கம். பங்க்கில் நின்று அழுதது இல்லை. பெற்ற பிள்ளைகள் அம்மா செத்துப்போயிருப்பாளே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள், நான் அவர்களுக்குக் களி கிண்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன். ஜெபத்தில் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் இரண்டு பேரும் பேசுவது கேட்டது. "ரெண்டு மாசம் எங்கிட்ட, ரெண்டு மாசம் ஒங்கிட்ட" என்கிறான் ஜெபா. "வீட்டப் பூட்டிருவோம், வண்டிய வித்துருவோம்." வீட்டைப் பூட்டுவதா? கோயில், சங்கம், அவர் கல்லறை எல்லாம் இங்கே. அங்கே பத்தாவது மாடியில், பால்காரன் முகம்கூடப் பார்க்காமல், நான் என்ன செய்வேன்? அதற்குள் அவன் வண்டியை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்து விளம்பரம் போட்டுவிட்டான். படம் எடுக்கும்போதுதான் டயரைப் பார்த்தான்.

"என்னம்மா இது? ரெண்டும் தரையோட ஒட்டிக் கெடக்கு. காத்து பாக்கச் சொன்னேன்லா? இத யாரு வாங்குவா?"

"காத்துக்குத்தானலே போனேன்!"

என்னை அறியாமல் வந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சர் கடை, போர்டு, பாட்டில், தேவசகாயம் தம்பி வண்டி, எல்லாம். கேட்டுவிட்டு ஜெபா தங்கச்சியைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். இவங்களை டாக்டரிடம் காட்டணும் என்கிற பார்வை.

"அம்மா, எங்களச் சமாதானப்படுத்தணும்னு எதையாச்சும் சொல்லாதீய" என்றாள் பெனி. "காத்துக்குப் போனவங்க எதுக்குப் பெட்ரோல் கேக்கணும்? சும்மாதான அடிப்பாங்க."

"சும்மா அடிப்பாங்க, அதனாலதான்ளா!"

"விளங்கல."

எப்படி விளங்கும்? உண்மையைச் சொல்லுகிறேன், பொய் மாதிரி இருக்கிறது. ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள் அவள், ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "சரி, வாங்க. இப்பவே போவோம். எங்க முன்னாடி காத்துக் கேளுங்க, நாங்க நம்புறோம். மெட்ராஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஜெபா வண்டியை உருட்டினான். சப்பை டயர் தார் ரோட்டில் சப்புச் சப்பென்று அறைந்துகொண்டு வந்தது. நான் நடுவில், இரண்டு பக்கமும் பிள்ளைகள். தெருவே பார்த்தது. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் என் வீடு எனக்கு. காத்து அடி. அவ்வளவுதான். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். காத்து அடி. காத்து அடி.

பேச்சி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "யக்கா! நல்லா இருக்கியளா?" என்று ஓடி வந்தாள். அதே ஆட்டோக்காரர்கள். பெட்ரோலுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அந்தப் பாட்டில் அம்மா என்று யாரோ சொன்னது கேட்டது. பிள்ளைகள் நாலடி தள்ளி நின்றுகொண்டார்கள், கேட்கட்டும் என்று.

போர்டு தலைக்கு மேலே. இலவசம்.

"பேச்சி…" என்றேன்.

"சொல்லுங்கக்கா."

"வந்து… ஒரு…"

"ஒரு என்னக்கா?"

கை தானாகக் கூடையில் போய் மணிபர்ஸை எடுத்தது. ஆண்டவரே, பெலன் தாரும் என்று கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"ஒரு அம்பது ரூவாய்க்கு…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பாதியில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஜெபா பங்க் திண்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறான். அழுகிறான் என்று நினைத்துப் பதறினேன். சிரிக்கிறான்! கையை எடுத்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். "நெசந்தான் பெனி" என்றான். "நெசமாவே காத்துக்குத்தான்."

பேச்சிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கினதும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "காத்துக்கா? அட என் சாமி! நாலு நாளா எனக்கு ஒறக்கம் இல்லக்கா! வெறும் காத்துக்கா?" ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். லாரிக்காரர் சிரித்தார். போர்டை ஒருவர் விரலால் காட்டி எனக்கு வாசித்தே காட்டினார். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன்.

பேச்சியே காற்று அடித்தாள். முன் டயரில் காற்று நின்றது. பின் டயரில் ஏற ஏற, வெடிப்பு வழியாகப் புஸ்ஸென்று இறங்கியது. "இது செத்துப்போச்சுக்கா. காத்தில்லாம ஓட்டி ஓட்டிப் பக்கமெல்லாம் நசுங்கிருக்கு" என்றாள். பஞ்சர் கடைக்காரர் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பின் சக்கரத்துக்குள்ளேதான் மோட்டார் இருக்கிறதாம். ஒயரை அறுத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். நாகர்கோவில் கடையிலிருந்து ஆள் வந்து சனிக்கிழமை மாட்டினார். புது டயர் முதலில் வழுக்கும், நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கம்மா என்றார். காசை ஜெபா கொடுத்தான். நான் தருகிறேன் என்று பர்ஸை எடுத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டேன். மெட்ராஸ் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. அப்படித்தான் அம்மா இந்த வண்டியில் புது டயர் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தேன். பெனி வந்து பக்கத்தில் நின்றாள். "சரிம்மா, காத்துக்குத்தான். நம்பிட்டோம். ஆனா பேச்சியக்கா கையப் பிடிச்சதும் எதுக்கு அழுதீய?"

"உபவாசம்லா. பசி."

"நான் பெறந்ததுல இருந்து உபவாசம் இருக்கீய. ஒரு நாளும் பசிக்கு அழுது நான் பாத்ததில்ல."

நான் பொட்டலத்துக்கு நூல் சுற்றினேன். அவள் பையை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

சாயங்கால பஸ். வண்டியில் இருவரையும் ஏற்ற முடியாது என்று ஆட்டோவில் போனோம். இரண்டு பேரும் ஏறிச் சன்னல் ஓரம் உட்கார்ந்தார்கள். ஜெபா தலையை நீட்டி, "வேற ஏதாச்சும் வேணுமாம்மா?" என்றான், போனில் கேட்கிற மாதிரியே. ஒண்ணும் வேண்டாம்ப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

"அடுத்த மாசமும் வாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

டிரைவர் அந்த நேரம் பார்த்து இன்ஜினை முடுக்கினார். "என்னம்மா?" என்று காதில் கையை வைத்தான் அவன். சரி, கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் பின்னால் நகர ஆரம்பித்தது. கை போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"அடுத்த மாசமும் வாங்கன்னேன்! எனக்கு ஒங்களப் பாக்கணும்!"

கத்திவிட்டேன் அம்மா. நடு பஸ் ஸ்டாண்டில். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூக்காரி பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வருவாக பெரியம்மா, நானே கூட்டிட்டு வாரேன். மொதல்ல கைய எடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபா தலையைக் குனிந்துகொண்டான். பெனி கம்பிக்குள்ளிருந்து என் விரலைப் பிடித்திருந்தாள். பஸ் இழுத்த பிறகுதான் விட்டாள்.

முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு டைம் கீப்பர் ரூமுக்குப் பின்னால் போய் நின்றேன். இந்த வயதில், பெற்ற பிள்ளைகளிடம், ஊர் பார்க்க, கையை நீட்டிக் கேட்டுவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. பெனி. பஸ் சத்தம் கேட்டது.

"அம்மா, தேதி சொல்லுங்க."

"என்ன தேதி?"

"அடுத்த மாசம்னா எந்தத் தேதி? லீவு சொல்லணும்லா."

உங்களுக்கு எது சௌகரியமோ என்று வாய் வரை வந்தது. வேலை இருந்தா விட்டுருங்க என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"ரெண்டாஞ் சனிக்கெழம" என்றேன்.

சொன்ன வேகத்தில் போனை வைத்துவிட்டேன், அவள் பதில் சொல்வதற்கு முன்னால்.